எந்தப் பொத்தான்? அம்மாவோடு ஜப்பானில்

சனி, கவாசாகி

ஜப்பான் போகிறேன் என்றதும் எல்லோரும் சகுரா பூ பற்றியும் புஜி மலை பற்றியும் எழுதச் சொன்னார்கள். அதெல்லாம் வரும், வராமலும் போகலாம். நான் அதிகம் எழுதப்போவது குழாய், சுவிட்ச், டிக்கெட் மெஷின், கழிவறை இவற்றைப் பற்றித்தான். சென்னையில் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செய்யும் கம்பெனி ஒன்றில் எந்தப் பட்டன் எந்த மூலையில் இருக்க வேண்டும் என்று சண்டை போடுவதுதான் என் பிழைப்பு. ஊர் சுற்றினாலும் கண் அங்கேதான் போகிறது. கூட வருவது அம்மா, பாளையங்கோட்டைக்காரி. முதல் முறை வெளிநாடு.

தம்பி வீடு கவாசாகியில், ஹனேதா விமான நிலையத்திலிருந்து பக்கம்தான். வந்து பையை வைத்ததும் அம்மா கழிவறைக்குள் போனாள். உள்ளிருந்தே குரல்.

"ஏட்டி, செவத்துல ஒரு போர்டு முழுக்க பட்டனா இருக்கு. எதட்டி அமுக்கணும்?"

தம்பி வெளியே நின்று சத்தம் போட்டுப் பாடம் எடுத்தான். "எதையும் அமுக்காதீங்கம்மா, மேல ஓரத்துல பெருசா ஒண்ணு இருக்கும், அத மட்டும் அமுக்குங்க." அதுதான் தண்ணீர் விடும் பட்டன். அது அந்தப் போர்டின் முகப்பில் இல்லை, மேல்விளிம்பில் இருக்கிறது. அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

கழுவி விடும் இந்த இருக்கையை டோட்டோ நிறுவனம் வாஷ்லெட் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது 1980இல். எல்லா நிறுவனங்களும் ஒன்றுகூடி, பெரிய அளவு தண்ணீர், சின்ன அளவு தண்ணீர், பின்புறம், பெண்களுக்கானது, உலர்த்துவது, மூடி, இருக்கை, நிறுத்து என்று எட்டுக் குறிகளை ஒரே மாதிரி வரைவது என ஒப்புக்கொண்டது 2017 ஜனவரியில். நடுவில் 37 வருடம் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குப் படம் போட்டது. வெளிநாட்டுக்காரர்கள் உள்ளே போய் முழிக்கிறார்கள், ஒலிம்பிக் வேறு வரப்போகிறது என்ற பிறகுதான் உட்கார்ந்து பேசினார்கள். குறிகளை ஒன்றாக்கினார்களே தவிர, அவை இருக்கும் இடத்தை ஒன்றாக்கவில்லை.

இந்த வாஷ்லெட் கதையில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. கழுவும் இருக்கையை டோட்டோ கண்டுபிடிக்கவில்லை, அமெரிக்காவில் மருத்துவத்துக்காகச் செய்த ஒன்றை 1960களில் இறக்குமதி செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஒருநேரம் சுடும், ஒருநேரம் சில்லிடும், பாயும் திசையும் நிலையாக இருக்காது. அதைச் சரிசெய்ய மின்னணுச் சுற்று வேண்டும், ஆனால் ஈரத்தில் மின்சாரம் என்றால் ஆபத்து. அப்போது ஒரு பொறியாளர் மழையில் நனைந்துகொண்டு எரியும் டிராஃபிக் சிக்னலைப் பார்த்திருக்கிறார். சிக்னல் செய்பவர்களிடம் போய்க் கேட்டு, ரெசின் என்ற பிசினில் மூடிய ஹைப்ரிட் ஐசி என்ற மின்சுற்றுச் சில்லைக் கொண்டுவந்தார்கள். தெருமுனையில் வருடக்கணக்காக மழையைத் தாங்கி நின்ற சமாச்சாரம் கழிவறைக்குள் வந்தது. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு.

குளியலறையிலும் ஒரு கூத்து. வெந்நீர் வெப்பத்தை மாற்றும் பெட்டி அடுக்களையில் ஒன்று, குளியலறையில் ஒன்று. இரண்டில் எதன் பேச்சு எடுபடும் என்பதற்கு 'முன்னுரிமை' என்று தனியாக ஒரு பட்டன். மாமியார் மருமகள் இருக்கும் வீட்டுக்குச் செய்ததுபோல இருக்கிறது என்றாள் அம்மா.

ஞாயிறு, டோக்கியோ

இன்று காலெல்லாம் வலி, சுருக்கமாக எழுதுகிறேன்.

எஸ்கலேட்டரில் இடதுபக்கம் நிற்க வேண்டும், வலதுபக்கம் நடப்பவர்களுக்கு. எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோரும் செய்கிறார்கள். உண்மையில் எழுதி வைத்திருப்பது 'நடக்காதீர்கள், இரண்டு பக்கமும் நில்லுங்கள்' என்றுதான். பக்கத்து மாகாணமான சைதாமாவில் 2021இலிருந்து அதற்கு ஒரு விதிகூட உண்டு, அபராதம் மட்டும் கிடையாது. டோக்கியோவில் நான் பார்த்தவரை ஒருத்தரும் வலதுபக்கம் நிற்கக் காணோம்.

மதியம் ராமென் (சூப் நூடுல்ஸ்) கடை, வாசலிலேயே டிக்கெட் மெஷின். சென்ற இரண்டு கடைகளில் இரண்டு விதம். ஒன்றில் முதலில் பணம் போட வேண்டும், அதன் பிறகுதான் பட்டன்களில் விளக்கு எரியும், அதுவரை எதை அழுத்தினாலும் செத்த பொத்தான். இன்னொன்றில் தொடுதிரை, முதலில் உணவைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் பணம் வாங்கும், முன்னாலேயே நோட்டை நீட்டினால் வாயைத் திறக்காது. பார்க்க இரண்டும் ஒரே உயரம், ஒரே அகலம். நோட்டு விஷயமும் உண்டு. 2024 ஜூலையில் புதிய 1,000, 5,000, 10,000 யென் நோட்டுகள் வந்தன. பழைய மெஷின்கள் பல அவற்றை ஏற்பதில்லை, மாற்றச் செலவாகும் என்று சின்னக் கடைக்காரர்கள் அப்படியே விட்டிருக்கிறார்கள். 2021இல் வந்த இரண்டு நிற 500 யென் காசுக்கும் இதே கதிதான். எனக்கு முன்னால் நின்ற ஒருவர், உள்ளூர்க்காரர்தான், புது நோட்டைத் திருப்பித் திருப்பி நீட்டிவிட்டு உள்ளே போய் மாற்றி வந்தார்.

கடைக் கதவுகள் சில தானாகத் திறக்கும், சில கதவுகளில் கை உயரத்தில் ஒரு பட்டையைத் தொட வேண்டும். அம்மா ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் ஒரு நொடி நின்று யோசிக்கிறாள்.

சுவிட்ச் பற்றி ஒன்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறேன். இங்கே சில சுவிட்சுகளில், விளக்கு அணைந்திருக்கும்போது பச்சையாக ஒரு புள்ளி எரிகிறது, இருட்டில் சுவிட்சைக் கண்டுபிடிக்க. வேறு சிலவற்றில், எரியும்போது சிவப்புப் புள்ளி, உள்ளே விளக்கோ விசிறியோ ஓடுகிறது என்று வெளியே இருப்பவருக்குச் சொல்ல. இரண்டுமே நியாயம்தான். ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போதுதான் தலை சுற்றுகிறது.

செவ்வாய், நகோயா

நேற்று முழுக்க மழை, வீட்டிலேயே இருந்தோம், எழுத ஒன்றுமில்லை.

இன்று ஷின்கான்சென், அதாவது புல்லட் ரயில். காகித டிக்கெட்தான் எடுத்தோம், ஆளுக்கு இரண்டு துண்டு. ஒன்று தூரத்துக்கான கட்டணம், மற்றது வேகத்துக்கான கட்டணம். இரண்டையும் சேர்த்து வாயிலில் உள்ள பிளவில் விட வேண்டும். அது இரண்டையும் படித்து, துளையிட்டு, மறுபக்கம் நாம் நடந்து போய்ச் சேரும் முன் நீட்டிக்கொண்டு நிற்கிறது. தலைகீழாக விட்டாலும் நேராகத் திருப்பித் தருகிறது. "இது நல்ல பிள்ளை" என்றாள் அம்மா. அதே வாயிலில் பலர் கார்டைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். பழைய வழியை அடைக்காமல் புதிய வழியைப் பக்கத்தில் திறந்திருக்கிறார்கள், இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இது.

நோசோமி வண்டியில் நகோயா ஒரு மணி 40 நிமிடம்தான். வழியில் புஜி ஆறு வருகிறது. அம்மா மலையைத் தேடினாள் (மேகம்), நான் ஆற்றைப் பார்த்தேன். ஏறக்குறைய அந்த ஆறுதான் ஜப்பானின் மின்சார எல்லை. மின்சாரத்தின் அதிர்வெண் கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60. 1890களில் டோக்கியோக்காரர்கள் ஜெர்மனியின் ஏஇஜியிடமிருந்து ஜெனரேட்டர் வாங்கினார்கள், ஒசாகாக்காரர்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கிடமிருந்து வாங்கினார்கள். அன்று யாரும் ஒருவரையொருவர் கேட்கவில்லை, இன்றுவரை சேரவில்லை. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு கிழக்கே மின்சாரம் இல்லாமல் தவித்தபோது, மேற்கிலிருந்து மாற்றி அனுப்ப முடிந்தது சுமார் 10 லட்சம் கிலோவாட் மட்டும். அதற்கு மேல் மாற்றும் வசதி அன்று இல்லை.

ஷின்கான்சென் இந்த எல்லையைத் தாண்டுகிறது. என்ன செய்தார்கள் என்றால், டோக்கியோ முதல் ஒசாகா வரை மொத்தப் பாதைக்கும் 60 ஹெர்ட்ஸ் என்று முடிவுசெய்து, கிழக்குப் பகுதியில் மின்சாரத்தை மாற்றித்தரும் நிலையங்களைக் கட்டிவிட்டார்கள். பயணிக்கு ஒன்றும் தெரியாது, வண்டிக்கும் தெரியாது.

நகோயாவில் துறைமுகப் பக்கம் ரயில் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. நுழைந்ததும் இருட்டு மண்டபம், அதில் மூன்று வண்டிகள் வரிசையாக. 129 கிலோமீட்டர் வேகம் தொட்ட நீராவி எஞ்சின் சி62, 443 தொட்ட சோதனை ஷின்கான்சென் 300எக்ஸ், 581 தொட்ட, காந்தத்தில் மிதந்து ஓடும் மேக்லெவ். கூட்டம் மேக்லெவைச் சுற்றித்தான். நான் உள்ளே போய், மூக்கு உருண்டையாக இருக்கும் 1964ஆம் ஆண்டு மாடல் 0 வரிசை வண்டி முன்னால் ரொம்ப நேரம் நின்றேன்.

இந்த வண்டியைப் பற்றி ஒரு விஷயம் நம்மூரில் அதிகம் பேசப்படுவதில்லை. இதில் புதிதாகக் கண்டுபிடித்தது என்று எதையும் சுட்டிக்காட்டுவது கஷ்டம். தலைமைப் பொறியாளர் ஷிமா ஹிதேயோ, சோதித்துப் பார்க்காத எதையும் சேர்ப்பதில்லை என்று பிடிவாதமாக இருந்தவர். 1,435 மில்லிமீட்டர் அகலப் பாதை உலகம் முழுக்க நூறு வருடம் ஓடியது. வீட்டுக்கு வரும் அதே அதிர்வெண்ணில் மாறுதிசை மின்சாரத்தை ரயிலுக்குக் கொடுப்பதை பிரான்சில் செய்து காட்டியிருந்தார்கள். முன்னால் ஒரு எஞ்சின் வைத்து இழுக்காமல் பெட்டிகளுக்கு அடியிலேயே மோட்டார் வைப்பது புறநகர் ரயில்களில் பழகிய முறை. சென்னைக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், 1931இலிருந்து பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஓடிய எலக்ட்ரிக் டிரெயின் முறை. (பெரம்பூர் ஐசிஎஃப்பில் செய்த வந்தே பாரத்தும் அதே வம்சம்தான்.) அதிர்வைக் குறைக்கும் கணக்கு போட்டவர்களும் வண்டியின் வடிவத்தை வரைந்தவர்களும் போர்க்காலத்தில் விமானத்தில் அதே வேலையைச் செய்தவர்கள்.

உலக வங்கி 1961இல் 8 கோடி டாலர் கடன் கொடுத்தது. சோதனை முயற்சிக்குக் கடன் கொடுக்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை, அதனால் இது சோதனை இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது. செலவு எகிறிப்போய், ரயில்வே தலைவர் சோகோ ஷிஞ்சியும் ஷிமாவும் 1963இலேயே வெளியேற வேண்டியதாயிற்று. 1964 அக்டோபர் 1 அன்று வண்டி ஓடத் தொடங்கியபோது இருவரும் பதவியில் இல்லை. அப்போது உலகம் முழுக்க ரயில் என்றால் முடிந்துபோன கதை என்றுதான் நினைத்தார்கள், இனி விமானமும் காரும்தான் என்று. 210 கிலோமீட்டர் வேகத்தில் இந்த உருண்டை மூக்கு அந்தப் பேச்சை நிறுத்தியது.

மேக்லெவ்? 2015இல் 603 கிலோமீட்டர் வேகம் ஓடிக் காட்டிவிட்டார்கள், சந்தேகமே இல்லை, அபாரம். டோக்கியோவுக்கும் நகோயாவுக்கும் 2027இல் ஓடும் என்றார்கள், 2034க்கு முன் வாய்ப்பில்லை என்று பிறகு அறிவித்தார்கள். அதற்குப் பாதை புதிது, சுரங்கம் புதிது, நிலையமும் புதிது. ஏற்கெனவே இருக்கும் எதன் மேலும் அதனால் ஓட முடியாது. தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு, சுரங்கம் தோண்டினால் ஆற்றுத்தண்ணீர் குறையும் என்று ஷிசுவோகா மாகாணம் பல வருடம் மறுத்தது. ஆனாலும் இரண்டையும் ஒரே கூரைக்கடியில் பார்க்கும்போது ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை.

இரவு தம்பி போனில், "அக்கா, நகோயாவுல இருக்கியே, கியூஆர் கோடு பொறந்தது பக்கத்து ஊர்தான், தெரியுமா?" என்றான். கரியா நகரத்து டென்சோ கம்பெனியில், 1994இல், ஹாரா மசாஹிரோவும் அவர் குழுவும் செய்தது. கார் பாகங்களின் பெட்டிகளில் ஒட்டுவதற்காக. ஒரு பார்கோடில் கொள்வது இருபது எழுத்துதான், அதனால் ஒரே பெட்டியில் பத்துப் பதினைந்து பார்கோடு ஒட்டி ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்யும் நிலைமை. எண்ணெய்க்கறை பட்டாலும் படிக்க வேண்டும் என்பதற்காக அதற்குள் வைத்தது ரீடும் சாலமனும் 1960இல் எழுதிய பிழைதிருத்தக் கணக்கு, சிடி தட்டில் கீறல் விழுந்தாலும் பாட்டு ஓடுவது அதே கணக்கினால்தான். காப்புரிமை இருந்தும் யாரிடமும் காசு கேட்கவில்லை. பாளையங்கோட்டை டீக்கடைக் கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டியிருக்கும் அட்டை இன்றும் வேலை செய்வதற்கு இது ஒரு காரணம். இதைச் சொன்னதும் அம்மா கேட்டாள், "அப்போ இங்க ஏம்ட்டி எல்லாரும் சில்லறை எண்ணிக்கிட்டு நிக்காவ?" பதில் இல்லை. ஒரே கடையில் கல்லாப் பக்கம் பத்து வகைக் கட்டண முத்திரை ஒட்டியிருக்கிறது, அதில் எது நமக்கு ஆகும் என்று தேடும் நேரத்தில் காசை எண்ணிவிடலாம்.

புதன், கியோட்டோ

பஸ்ஸில் பின்வாசலில் ஏறி, முன்வாசலில் இறங்கும்போது 230 யென் போட வேண்டும். டோக்கியோ நகரப் பஸ்ஸில் முன்வாசலில் ஏறி முதலிலேயே கட்டணம், இறங்குவது பின்னால். இரண்டும் ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே மாதிரிக் கார்டு. கார்டு மட்டும் எல்லா ஊரிலும் செல்லுகிறது. 2001இல் கிழக்கு ஜப்பானில் சுயிகா வந்தது, பிறகு மேற்கில் இகோகா, நகோயாவில் தொய்கா என்று ஆளுக்கொன்று. 2013 மார்ச்சில்தான் பத்து வகைக் கார்டுகளும் எங்கும் செல்லும் என்றானது. உள்ளே இருந்த சிப் எல்லாவற்றுக்கும் ஒரே வகை, சோனியின் ஃபெலிகா, அதனால்தான் முடிந்தது. அப்போதும் ஒரு வால் மிச்சம். ஒரு கார்டின் எல்லைக்குள் ஏறி இன்னொன்றின் எல்லைக்குள் சாதாரண ரயிலில் இறங்கினால் வாயில் திறக்காது, ஆளிடம் போய்ப் பேச வேண்டும்.

தங்கியிருப்பது பழைய மரவீடு, விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். இங்கே முகம் கழுவும் இடத்தில் குழாய் அம்மாவை ஜெயித்துவிட்டது. நெம்புகோல் மாதிரிக் கைப்பிடி. தூக்கினால் தண்ணீர் வரும், அழுத்தினால் நிற்கும் என்று நமக்குப் பழக்கம். இங்கே அழுத்தினால் வருகிறது, தூக்கினால் நிற்கிறது. நிறுத்த நினைத்து அழுத்த அழுத்த இன்னும் வேகமாக வருகிறது, சேலையெல்லாம் ஈரம். "சவத்தத் தள்ளு, நான் மக்குல மோந்து கழுவிக்கிடுதேன்" என்று வந்துவிட்டாள். மாடியில் இருக்கும் குழாய் புதுசு, அது தூக்கினால் வரும் வகை. ஒரே வீட்டில் இரண்டு வகை.

இதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஜப்பானில் இரண்டு விதமும் கலந்து விற்றது. 2000ஆம் ஆண்டோடு, தூக்கினால் தண்ணீர் என்ற ஒரே விதம்தான் என்று ஜப்பானியத் தரவிதி முடிவுகட்டியது. 1995 கோபே நிலநடுக்கத்தில் மேலிருந்து விழுந்த பொருள்கள் கைப்பிடியை அழுத்தித் தண்ணீர் வீணாய்ப் போனதால் மாற்றினார்கள் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். வெளிநாடுகளில் அப்படித்தான் இருந்தது என்பதும் காரணம். விதி மாறிவிட்டது, ஆனால் குழாய் இருபது முப்பது வருடம் உழைக்கிறதே! விதியை மாற்றிய அன்று வீட்டுச் சுவர்களில் இருந்த குழாய்கள் எதுவும் மாறவில்லை.

ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தது இது. சாஃப்ட்வேர் உலகத்தில் நாங்கள் பழைய தொழில்நுட்பம் என்றாலே மூக்கைச் சுளிப்போம், முதலில் மாற்றுவதும் அதைத்தான், கூடவே திரையையும் பட்டனையும் மாற்றிவிடுவோம், புதுசு என்று தெரிய வேண்டுமே. இங்கே நான் பார்த்து மெச்சிய எல்லாவற்றிலும், உள்ளே இருப்பது ஏற்கெனவே அலுத்துப்போகும் அளவுக்குப் பழகிய சரக்கு. என்னைப் படுத்திய எல்லாவற்றிலும்கூட உள்ளே பழகிய சரக்குதான்! குழாயில் என்ன புதுமை? வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. சரக்கு பழசாவது ஒரு பக்கம், அதைத் தொடும் கை பழகுவது இன்னொரு பக்கம். முதலாவது தானாக நடக்கும், இரண்டாவதற்கு யாராவது மெனக்கெட்டு மற்ற கம்பெனிக்காரனோடு உட்கார்ந்து பேச வேண்டும், அதற்குச் சம்பளம் கொடுக்க எந்த முதலாளிக்கும் மனம் வராது. எங்கள் கம்பெனியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வியாழன், உஜி

இதற்காகத்தான் கியோட்டோவே. வீடியோ கேம் கம்பெனி நிண்டெண்டோவின் அருங்காட்சியகம், 2024 அக்டோபரில் திறந்தது, கம்பெனியின் பழைய தொழிற்சாலைக் கட்டிடத்தில். ஒகுரா நிலையத்தில் இறங்கி நடக்கும் தூரம். டிக்கெட் குலுக்கல் முறையில்தான், தம்பி பல மாதம் முன்பே பெயர் கொடுத்து வைத்திருந்தான்.

மாடியில் கம்பெனி செய்த பொருள்கள் எல்லாம் வருடவாரியாக. ஹனாஃபுதா சீட்டுக்கட்டில் தொடங்குகிறது. படம் எடுக்கக்கூடாது, அதனால் இங்கே படம் இல்லை. நான் தேடி வந்தது யோகோய் குன்பே செய்தவற்றை. 1965இல் சீட்டு அச்சடிக்கும் இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தவர், மின்பொறியியல் படித்தவர். வேலை குறைவு, பொழுது போக எட்டாத பொருளைப் பிடித்திழுக்கும் நீட்டு மடக்குக் கை ஒன்றைச் செய்திருக்கிறார். தலைவர் யமாவுச்சி பார்த்துவிட்டு, திட்டப்போகிறார் என்று நினைத்தால், இதை விற்பனைக்குச் செய் என்றார். அல்ட்ரா ஹேண்ட், 1966. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

யோகோயின் கொள்கை, சுருக்கமாக, நன்றாகப் பழகி மலிந்துபோன தொழில்நுட்பத்தை எடுத்து யாரும் நினைக்காத இடத்தில் வை என்பது. ஷின்கான்சென் வண்டியில் ஒருவர் சலிப்பு தாங்காமல் கால்குலேட்டர் பட்டன்களைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் கேம் அண்ட் வாட்ச் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியின் யோசனை வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 1980. கால்குலேட்டர் கம்பெனிகள் சண்டையிட்டு விலையைத் தரைக்குக் கொண்டுவந்திருந்த காலம், எல்சிடியும் சிப்பும் மலிவு. இரண்டு கட்டைவிரலால் பிடித்துக்கொண்டால் பக்கத்தில் இருப்பவருக்கு நாம் விளையாடுவதே தெரியாது, கூச்சப்படும் ஆபீஸ்காரர்களுக்கு அது முக்கியம். 1982இல் அதன் டாங்கி காங் மாடலுக்காக, நீட்டிக்கொண்டிருக்கும் குச்சிக்குப் பதில் தட்டையான கூட்டல் குறி வடிவப் பொத்தான். அதற்குப் பின் வந்த எந்த விளையாட்டுக் கருவியைக் கையில் எடுத்தாலும் இடது கட்டைவிரல் பக்கத்தில் அதன் பேரப்பிள்ளை ஒன்று இருக்கும்.

பிறகு 1989இல் கேம் பாய். உள்ளே 1970களின் 8080, இசட்80 வகையறாவைச் சேர்ந்த 8 பிட் சிப். பச்சை கலந்த திரை, நான்கு சாயல், கலர் கிடையாது, பின்னொளி கிடையாது. அடுத்த வருடம் போட்டிக் கம்பெனி சேகா கலர் திரையோடு கேம் கியர் கொண்டுவந்தது. அதற்கு ஆறு பேட்டரி, நாலைந்து மணி நேரத்தில் காலி. கேம் பாய்க்கு நாலு பேட்டரி, பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். கலர் மாடலையும் சேர்த்து 11.8 கோடிக்கு மேல் விற்றது, கேம் கியர் ஒரு கோடி அளவில் நின்றுபோனது.

இதோடு கதையை நிறுத்தினால் அழகாக இருக்கும். ஆனால் பக்கத்திலேயே வர்ச்சுவல் பாய் இருக்கிறதே, 1995, சிவப்பும் கறுப்புமாக, மேசைமேல் இரண்டு காலில் நிற்கும் கண்ணாடிப் பெட்டி. அதுவும் யோகோய் செய்ததுதான். அதிலும் மலிவான பழகிய சரக்குதான், சிவப்பு எல்இடி. ஒரு வருடம்கூடக் கடையில் நிற்கவில்லை, மொத்தம் எட்டு லட்சம்கூட விற்கவில்லை. கழுத்தைக் குனிந்து முகத்தை உள்ளே நுழைத்துத்தான் பார்க்க வேண்டும். வீட்டில் எங்கே வைப்பது, எப்படி உட்காருவது என்று யாருக்கும் தெரியாது. கேம் அண்ட் வாட்ச் கால்குலேட்டரைப் பிடிக்கத் தெரிந்த கையை நம்பி வந்தது, இது எந்த உடம்பையும் நம்பி வரவில்லை. சரக்கு மலிவாகப் பழகியிருந்தால் போதும் என்று சொல்லி யோகோயை மேற்கோள் காட்டும் ஸ்டார்ட்அப் பேச்சாளர்கள் இந்தக் கண்ணாடிப் பெட்டியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1996இல் அவர் கம்பெனியை விட்டு விலகினார், அடுத்த வருடம் சாலை விபத்தில் இறந்துபோனார். வயது 56.

கீழ்த்தளத்தில் விளையாட்டு. இரண்டு பேர் சேர்ந்து பிடிக்க வேண்டிய ராட்சத கன்ட்ரோலர். அம்மா கூட்டல் குறிப் பக்கம், நான் ஏ, பி பக்கம். மரியோ. ஒரு ஜப்பானியக் குழந்தை எங்களைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது. அம்மா முன்னால் போக உடம்பையே சாய்த்து அமுக்கினாள், நான் குதிக்க. முதல் பள்ளத்திலேயே விழுந்தோம். ஆனால் ஒன்றைக் கவனித்தேன், எந்தப் பக்கம் அமுக்கினால் எந்தப் பக்கம் போகும் என்று அம்மா கேட்கவே இல்லை. வந்ததிலிருந்து அவள் விளக்கம் கேட்காமல் தொட்ட முதல் பொருள் இதுதான்.

ஏ, பி என்றதும் தம்பியின் புலம்பல் ஞாபகம் வருகிறது. நிண்டெண்டோவில் ஏ வலதுபக்கம். எக்ஸ்பாக்ஸில் ஏ கீழே, வலதுபக்கம் பி. பிளேஸ்டேஷனில் ஜப்பானில் வட்டம் என்றால் சரி, பெருக்கல் என்றால் வேண்டாம். பள்ளிக்கூடத்திலும் வாத்தியார் சரியான விடைக்கு வட்டம்தான் போடுவார், நம்மூர் டிக் குறி இங்கே தப்பு என்றும் அர்த்தமாகும். மேற்கு நாடுகளில் பெருக்கல்தான் சரி என்று வைத்துவிட்டார்கள். 2020இல் ஐந்தாம் பிளேஸ்டேஷனில் ஜப்பானுக்கும் பெருக்கல்தான் என்று மாற்றினார்கள், இருபத்தைந்து வருடப் பழக்கம் ஒரே நாளில் தலைகீழ். உலகத்துக்கெல்லாம் ஒன்றாக்கினார்கள் என்று பாராட்டுவதா, ஒரு நாட்டுக் கட்டைவிரல்களை ஏமாற்றினார்கள் என்பதா? நான் இரண்டாவது கட்சி. ஒன்றாக்குவது நல்லதுதான், ஆனால் செலவை எப்போதும் பழகியவன் தலையில் கட்டுகிறார்கள்.

வெள்ளி, ஒசாகா

கடைசி நாள், சாயங்காலம் விமானம். எஸ்கலேட்டரில் இங்கே வலதுபக்கம் நிற்க வேண்டும், இடதுபக்கம் நடப்பவர்களுக்கு. 1960களின் கடைசியில் ஹான்கியூ உமேதா நிலையத்தில் இடதுபக்கத்தை விட்டுவிடுங்கள் என்று அறிவித்ததும், 1970 உலகக் கண்காட்சிக்கு வெளிநாட்டுக் கூட்டம் வந்ததும் காரணம் என்கிறார்கள். டோக்கியோவில் பழகிவிட்ட அம்மா இடதுபக்கம் நின்றாள். பின்னால் வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை, நின்றுவிட்டார், அவருக்குப் பின்னால் வரிசையே நின்றது. நிலையத்தில் ஒட்டியிருக்கும் 'இரு பக்கமும் நில்லுங்கள்' சுவரொட்டி கேட்பது அதைத்தானே. நான் அம்மாவை இழுக்கவில்லை.

கேட்டவர்களுக்காக: ஒசாகாவில் வலது, டோக்கியோவில் இடது. கியோட்டோ நிலையத்தில் இரண்டு ஊர்க்காரர்களும் கலந்து வருவதால் முன்னால் நிற்பவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். ராமென் மெஷினில் விளக்கு எரியவில்லை என்றால் முதலில் பணம் போட்டுப் பாருங்கள், கையில் பழைய 1,000 யென் நோட்டு ஒன்றிரண்டு வைத்திருங்கள். கழிவறையில் தண்ணீர் விடும் பட்டனைக் காணவில்லை என்றால் போர்டின் மேல்விளிம்பைத் தடவுங்கள். பொது இடங்களில் காகிதம் தொங்கும் இடத்துக்கு நேர் மேலே இருக்கும், 2007இல் அதற்கும் ஒரு தரவிதி போட்டிருக்கிறார்கள். அதே உயரத்தில் கொஞ்சம் தள்ளி இருப்பது ஆபத்துக்கு ஆள் கூப்பிடும் பட்டன், அதை மட்டும் தொடாதீர்கள்.